ஐந்து கட்டையில் பாடியது ஆறு கட்டைப் பக்கம் கேட்டது: ஒரு நேரலைக் கச்சேரியின் ஒலிக் கோளாறு

பின்னணி

திருச்சியில் வீட்டு மாடியில் பாட்டு வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியை, மாதம் ஒருமுறை அங்கேயே சின்னதாக ஒரு கச்சேரி வைப்பார். மாடியில் ஐம்பது பேர் உட்காரலாம். அதைவிட அதிகமானவர்கள் யூடியூப் நேரலையில் கேட்பவர்கள்: சிங்கப்பூர், டொராண்டோ, நியூ ஜெர்சி என்று போய்விட்ட பழைய மாணவர்களும் அவர்கள் குடும்பங்களும். ஆரம்பத்தில் ஒரு கைபேசியை ஸ்டாண்டில் நிறுத்தி ஒளிபரப்பினார்கள். படம் பரவாயில்லை, ஒலி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. அதனால் மைக் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும், நான்கு மைக் செருகக்கூடிய யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கினார்கள். விண்டோஸ் லேப்டாப்பில் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற ஒளிபரப்பு மென்பொருள். கேமராவின் படத்தை எச்டிஎம்ஐ வழியாக லேப்டாப்புக்குள் எடுக்க ஒரு கேப்சர் கார்டு. பொறியியல் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டார்.

இது எனக்குத் தெரிந்த குழு. கோளாறு நடந்த மறுநாள் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தேன். கீழே இருப்பது அந்த மாணவரும் சாட் பார்த்துக்கொண்ட ஆசிரியையின் உறவினரும் சொன்னது, ஓபிஎஸ் தானாக எழுதிவைத்த லாக் என்ற குறிப்புக் கோப்பு, பிறகு நாங்கள் சேர்ந்து செய்து பார்த்த சோதனைகள். பெயர்களையும் கருவியின் பிராண்டையும் விட்டுவிட்டேன். இதே கோளாறு எந்தக் கருவியிலும் வரக்கூடியதுதான்.

ஒலி போகும் வழி

முதல் மைக் பாட்டுக்கு, இரண்டாவது வயலினுக்கு, மூன்றும் நான்கும் மிருதங்கத்தின் வலந்தலைக்கும் (வலப் பக்கம்) தொப்பிக்கும் (இடப் பக்கம்). இப்படிப் பல இன்புட் உள்ள கருவிகளில் ஒரு சிக்கல் உண்டு. ஓபிஎஸ் விண்டோஸில் வாசாபி என்ற பொது வழியாக ஒலியை எடுக்கிறது. அந்த வழியில் பல கருவிகள் தங்கள் முதல் இரண்டு இன்புட்டை மட்டும் காட்டும், அல்லது இரண்டிரண்டாகப் பிரித்துக் காட்டும். முதல் கச்சேரிக்கு முன் நடந்த சோதனையில் மிருதங்கம் கேட்காமல் போனதற்கும், பாட்டு இடது காதிலும் வயலின் வலது காதிலும் மட்டும் வந்ததற்கும் காரணம் அதுதான். முதல் இன்புட் இடது, இரண்டாவது வலது என்று ஓபிஎஸ் எடுத்துக்கொண்டது.

மாணவர் அதற்கு நல்ல வழி கண்டுபிடித்திருந்தார். கருவியோடு வந்த மிக்ஸர் மென்பொருளில் நான்கு மைக்கையும் நடுவில் வைத்துக் கலந்து, அந்தக் கலவையை லூப்பேக் என்ற பெயரில் விண்டோஸுக்கு அனுப்பினார். ஓபிஎஸ் அந்த லூப்பேக்கை எடுத்துக்கொண்டது. இந்த ஏற்பாட்டில் நடந்த கச்சேரிகளில் பெரிய புகார் எதுவும் வரவில்லை. "தம்புரா சரியாகக் கேட்கவில்லை" என்று மட்டும் அவ்வப்போது யாராவது எழுதினார்கள்.

கச்சேரி அன்று

ஆறு மணிக் கச்சேரிக்கு ஐந்தரைக்கு ஒலி சோதித்தார்கள். பிரைவேட் லிங்க் ஒன்றில் ஒளிபரப்பி, வெளியூரில் இருந்த ஒரு நண்பரைக் கேட்கச் சொன்னார்கள். எல்லாம் சரி என்றார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மிருதங்கம் வாசிப்பவர், இன்று தனி ஆவர்த்தனத்தை (மிருதங்கம் மட்டும் வாசிக்கும் பகுதியை) தனி டிராக்காகப் பதிவு செய்து தர முடியுமா, மாணவர்களுக்குப் பாடமாகக் கொடுக்கலாம் என்று கேட்டார். நியாயமான கோரிக்கை. மாணவர் அதே லேப்டாப்பில் ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்தார். முன்பு வேறு வேலைக்குச் செய்துவைத்திருந்த நான்கு டிராக் புராஜெக்ட் கைவசம் இருந்தது. அதையே எடுத்து நான்கு மைக்கையும் ஏசியோ டிரைவர் வழியாக, அதாவது விண்டோஸின் பொது வழியைத் தாண்டிக் கருவியோடு நேரடியாகப் பேசும் வழியில், பதிவுக்கு வைத்தார். அப்புறம் நேரலையைத் தொடங்கினார்.

முதல் உருப்படியான வர்ணம் முடிவதற்குள் சாட்டில் முதல் செய்தி வந்தது. டொராண்டோவிலிருந்து ஒரு பழைய மாணவி: "டீச்சர், இன்னிக்கு சுருதி மேல வெச்சுட்டீங்களா? அஞ்சரைக்கும் மேல கேக்குது." கட்டை என்பது பாடகரின் அடிப்படைச் சுருதி எவ்வளவு உயரம் என்பதைச் சொல்லும் எண்; ஆசிரியை பாடுவது ஐந்து கட்டை, அது ஐந்தரைக் கட்டைக்கும் மேலே கேட்கிறது என்கிறார். சாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆசிரியையின் உறவினர். பாட்டைப் பற்றிய விமர்சனம் என்று நினைத்தார். நடுக் கச்சேரியில் போய் ஆசிரியையின் சுருதியைப் பற்றிப் பேசுவதா என்று பேசாமல் விட்டுவிட்டார். அவர் நினைத்ததில் தவறு சொல்ல முடியாது. ஆனால் அன்றைய கோளாறைத் துல்லியமாகச் சொன்ன ஒரே செய்தி அதுதான்.

வர்ணத்தில் மிருதங்கமும் வயலினும் சேர்ந்து ஓடியதால் மற்றவர்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை. தாளம் இல்லாமல் பாடும் தோடி ராக ஆலாபனை தொடங்கியதும் குறை வெளியே வந்துவிட்டது. நீண்ட காந்தார ஸ்வரத்தில் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) வரும்போது கரகரவென்று அறுபடும் சத்தம். "ரோபோ மாதிரி கேட்கிறது", "சவுண்ட் விட்டு விட்டு வருகிறது" என்று வரிசையாகச் செய்திகள். இவை ஒலியைப் பற்றியவை என்பது தெளிவாகத் தெரிந்ததால் உடனே மாணவரிடம் போய்ச் சேர்ந்தன.

மாணவர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு எல்லாம் சுத்தமாகக் கேட்டது. அந்த ஹெட்போன் இன்டர்ஃபேஸில் செருகியிருந்தது. டைரக்ட் மானிட்டர் வழியாக, மைக்கிலிருந்து வந்த ஒலி லேப்டாப்புக்குள் போகாமலேயே அவர் காதுக்கு வந்துகொண்டிருந்தது. அதனால் இணையம்தான் தடுமாறுகிறது என்று முடிவு செய்து, வீடியோ பிட்ரேட்டை 4500 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2500க்குக் குறைத்து நேரலையை மறுபடி தொடங்கினார். எதுவும் மாறவில்லை. ஓபிஎஸ்ஸின் கீழ்ப்பட்டியில் விடுபட்ட ஃபிரேம் பூஜ்யம் என்றுதான் இருந்தது. இணையம் தடுமாறினால் அந்த எண் ஏறியிருக்கும்.

அந்த நேரத்து முடிவு

அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஓபிஎஸ்ஸை மூடித் திறக்கலாம், இன்டர்ஃபேஸைக் கழற்றி மாட்டலாம், அல்லது அதை ஒதுக்கிவிட்டு வேறு ஒலியை எடுக்கலாம். முதல் இரண்டும் சரியாக வருமா என்று தெரியாது. இன்டர்ஃபேஸைக் கழற்றினால் ஓடிக்கொண்டிருந்த பதிவும் போய்விடும். மூன்றாவதை எடுத்தார். கேமராவின் சொந்த மைக் ஒலியும் எச்டிஎம்ஐயில் படத்தோடு வருகிறது. ஓபிஎஸ்ஸில் கேப்சர் கார்டின் ஒலியைத் திறந்து, இன்டர்ஃபேஸை மியூட் செய்தார்.

ஒலி மெலிந்துபோனது. தூரத்திலிருந்து கேட்பதுபோல, மின்விசிறிச் சத்தத்தோடு வந்தது. ஆனால் அறுபடவில்லை. சுருதி இறங்கிச் சரியான இடத்துக்கு வந்ததை டொராண்டோக்காரர் மறுபடியும் எழுதியிருந்தார். மீதிக் கச்சேரி அப்படியே போனது. நேரலையின் நடுவில் இதைவிட நல்ல முடிவு எடுத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். காரணம் தெரியாத கோளாறைக் கச்சேரிக்கு நடுவில் நோண்டாமல் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கையில் இருந்த தடயங்கள்

மறுநாள் முதலில் கேட்டது அந்த நான்கு டிராக் பதிவை. சுத்தமாக இருந்தது. கரகரப்பு இல்லை, சுருதி ஐந்து கட்டை. இதனால் மைக், கேபிள், கருவியில் மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப், யூஎஸ்பி கேபிள் எல்லாமே சந்தேகத்திலிருந்து விலகின. லேப்டாப்புக்குள் ஒலி நல்லபடியாகத்தான் வந்திருக்கிறது.

அடுத்து ஓபிஎஸ் அதே நேரத்தில் லேப்டாப்பிலேயே பதிவு செய்து வைத்திருந்த வீடியோ. அதில் கரகரப்பு இருந்தது. இது இணையத்துக்குப் போகாத பதிவு என்பதால் இணையமும் யூடியூபும் விலகின. ஆக, கோளாறு லேப்டாப்புக்குள், டிரைவருக்கும் ஓபிஎஸ்ஸுக்கும் இடையில்.

பிறகு லாக். ஓபிஎஸ்ஸில் ஹெல்ப் மெனுவில் லாக் ஃபைல்ஸ் என்று இருக்கும், பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. ஒலி நேரத்துக்கு வந்து சேராதபோது ஓபிஎஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும்; இதற்குப் பஃபரிங் என்று பெயர். ஒவ்வொரு முறை கூட்டும்போதும், எந்த ஒலி மூலத்துக்காகக் கூட்டியது என்பதையும் எழுதிவைக்கும். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் ஒவ்வொரு அளவீடும் ஒரு சாம்பிள்) என்ற 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் ஒரு படி, அதாவது சுமார் 21 மில்லிசெகண்ட். 960 மில்லிசெகண்டுக்கு மேல் கூட்ட முடியாது. அதைத் தொட்டுவிட்டால் "மேக்ஸ் ஆடியோ பஃபரிங் ரீச்டு" என்று ஒரு வரி வரும். அன்றைய லாக்கில் படிப்படியாகக் கூடும் வரிகளும், கடைசியில் அந்த வரியும் இருந்தன. எல்லாவற்றிலும் மூலம் இன்டர்ஃபேஸின் லூப்பேக். கேப்சர் கார்டின் பெயரில் ஒரு வரிகூட இல்லை.

பஃபரிங் வரிக்குக் காரணம் பலவாக இருக்கலாம். லேப்டாப் திணறியிருக்கலாம், யூஎஸ்பி ஹப் சரியில்லாமல் இருக்கலாம். ஆனால் திணறும் லேப்டாப் ஒலியை அறுக்குமே தவிர, ஐந்து கட்டையை ஐந்தரைக்கு மேலே ஏற்றாது. ஒலி ஒரே அளவில் மேலே ஏறினால், பதிவான வேகமும் ஓட்டப்படும் வேகமும் வேறுவேறு என்று அர்த்தம். அங்கேதான் அந்த முதல் செய்தியின் மதிப்பு தெரிந்தது.

கணக்கு

ஒலியை எண்ணாக மாற்றும்போது நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது சாம்பிள் ரேட். இன்று பரவலாக இருப்பவை இரண்டு. சிடி காலத்திலிருந்து வந்த 44,100. வீடியோ உலகம் பயன்படுத்தும் 48,000. நொடிக்கு 44,100 என்று வருவதை 48,000 என்று நினைத்து ஓட்டினால் வேகம் 1.088 மடங்கு ஆகிவிடும். சுருதிக் கணக்கில் அது ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் (ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு ரீடுகளுக்கு இடையிலான தூரம் ஓர் அரைச்சுரம்). ஆசிரியை பாடுவது ஐந்து கட்டை, ஹார்மோனியத்தில் ஜி. அதிலிருந்து ஒன்றரை அரைச்சுரம் ஏறினால் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் போய் நிற்கும். டொராண்டோவிலிருந்து வந்த செய்தி சொன்னதும் அதைத்தான்.

கரகரப்புக்கும் இதே காரணம்தான். ஒரு நொடியில் வந்த சாம்பிள்கள் 0.92 நொடியிலேயே ஓடித் தீர்ந்துவிடும். மீதி 0.08 நொடிக்கு ஓட்ட ஒன்றுமில்லை. அந்தப் பள்ளங்கள் நொடி முழுவதும் சிதறி விழும்போது காதுக்கு ரோபோ குரலாகக் கேட்கிறது. பற்றாக்குறை தொடர்வதால் ஓபிஎஸ் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. மூன்று அறிகுறிகள், ஒரே காரணம்.

மறுபடி உண்டாக்கிப் பார்த்தது

கணக்கு பொருந்துகிறது என்பதற்காக அப்படியே நம்பிவிடக் கூடாது. மின்னணு சுருதிப்பெட்டியை ஐந்து கட்டையில் வைத்து, பாட்டு மைக்குக்கு முன்னால் நிறுத்தினோம். கைபேசியில் ட்யூனர் ஆப். முதலில் ஓபிஎஸ் மட்டும் திறந்து பதிவு செய்தோம். ஓட்டிப் பார்த்தால் ஷட்ஜம் (ச) 196 ஹெர்ட்ஸில், சரியான ஜி. பதிவை நிறுத்தாமல் ரெக்கார்டிங் மென்பொருளில் அந்தப் பழைய புராஜெக்டைத் திறந்தோம். அந்த இடத்திலிருந்து பதிவில் கரகரப்பு. ட்யூனர் முள் 213 ஹெர்ட்ஸ் பக்கம் நின்றது.

இப்போது இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனலைப் பார்த்தால் 44.1, அதாவது 44,100 என்று காட்டியது. விண்டோஸின் ஒலி அமைப்பில், லூப்பேக்கின் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கம் 48,000 என்றே இருந்தது. ஓபிஎஸ்ஸிலும் 48. பழைய புராஜெக்ட் 44.1இல் செய்தது. அதைத் திறந்ததும் ஏசியோ டிரைவர் கருவியின் கடிகாரத்தையே (கருவி ஓடும் சாம்பிள் ரேட்டை) 44.1க்கு மாற்றிவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் வழிக்கு அந்தச் செய்தி போகவில்லை. நான்கு டிராக் பதிவு சுத்தமாக இருந்ததற்கும் விளக்கம் கிடைத்தது: அந்த மென்பொருளும் கருவியும் 44.1இல் ஒத்துப்போயிருந்தன.

ஐந்தரை மணிச் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது ஏன் என்பதும் தெளிவானது. சோதனையின்போது ரெக்கார்டிங் மென்பொருள் திறக்கப்படவே இல்லை.

பல கருவிகளைச் சேர்த்துச் செருகும் யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டும், வேறு யூஎஸ்பி துளையில் செருகியும் இதே சோதனையைச் செய்தோம். வித்தியாசம் எதுவும் இல்லை. கேப்சர் கார்டும் இன்டர்ஃபேஸும் ஒரே ஹப்பில் நெருங்கியிருக்க வேண்டாம் என்பதால் மட்டும் இன்டர்ஃபேஸை நேராக லேப்டாப்பில் செருகிவைத்தோம்.

சரிசெய்தது

எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். 44.1ஆ, 48ஆ என்றால் 48. கேமராவின் எச்டிஎம்ஐ ஒலி 48இல் வருகிறது, ஓபிஎஸ்ஸும் அதிலேயே இருக்கிறது. பழைய புராஜெக்ட் ஒன்றுதான் மாற வேண்டும். இன்டர்ஃபேஸ் பேனல், விண்டோஸில் அந்தக் கருவியின் இன்புட், அவுட்புட், லூப்பேக் எல்லாம், ஓபிஎஸ்ஸின் செட்டிங்ஸில் ஆடியோ பக்கம் என்று ஒவ்வொன்றாக 48இல் வைத்தோம். கச்சேரிக்கென்று 48இல் புதிய நான்கு டிராக் புராஜெக்ட் செய்து, பழையதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினோம். அவசரத்தில் கைக்குக் கிடைப்பதுதான் திறக்கப்படும், அதனால் கைக்குக் கிடைக்கும் இடத்தில் சரியானது மட்டும் இருக்க வேண்டும்.

இன்டர்ஃபேஸின் பஃபரை, அதாவது ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலியின் அளவை, 128 சாம்பிளிலிருந்து 512ஆகக் கூட்டினோம். தாமதம் சுமார் 11 மில்லிசெகண்ட் ஆகும். பாடுபவர்கள் டைரக்ட் மானிட்டரில் கேட்பதால் அவர்களை அது தொடாது. இரண்டு மென்பொருளைச் சேர்த்து ஓட்டும் லேப்டாப்புக்கு இது மூச்சுவிட இடம் கொடுக்கும்.

காணாமல்போன தம்புரா

ஷட்ஜத்தை அளந்துகொண்டிருந்தபோது பழைய புகாரும் பிடிபட்டது. சுருதிப்பெட்டியின் ஒலி பதிவின் தொடக்கத்தில் நன்றாகக் கேட்டு, பிறகு மங்கிக்கொண்டே போனது. பாட்டு வரும்போது தலைகாட்டும், நின்றதும் மறையும். ஓபிஎஸ்ஸில் அந்த ஒலி மூலத்துக்கு நாய்ஸ் சப்ரெஷன் (இரைச்சலை நீக்கும்) ஃபில்டர் போட்டிருந்தார்கள். மின்விசிறிச் சத்தத்தைக் குறைக்கப் போட்டது.

அந்த ஃபில்டரின் ஆர்என்நாய்ஸ் முறை மனிதப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கப் பயிற்சி பெற்றது. வீட்டிலிருந்து மீட்டிங் பேசுபவருக்கு அருமையான வசதி. அதற்குத் தம்புராவும் மின்விசிறியும் ஒன்றுதான்: விடாமல் ஒரே மாதிரி வரும் சத்தம். வயலின் வில் மெதுவாக ஓயும் இடத்தையும், தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த நாதத்தையும்கூட அது கடித்துவிடுகிறது. ஃபில்டரைப் போட்டும் எடுத்தும் பதிவு செய்து ஆசிரியைக்கு ஓட்டிக் காட்டினோம். முதல் பதிவு பாதி ஓடுவதற்குள் எடுத்துவிடச் சொல்லிவிட்டார். சுருதி இல்லாமல் பாட்டு எங்கே நிற்கும் என்று அவர் கேட்டதற்கு மேல் பேச்சே இல்லை.

சங்கீதம் ஒளிபரப்பும் யாரும் இந்த ஃபில்டரைப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மின்விசிறிச் சத்தம் தொந்தரவாக இருந்தால் மேடைக்கு மேலே இருப்பதை மட்டும் நிறுத்தி, மைக்கைப் பாடகருக்கு அருகில் கொண்டுவரலாம். இங்கேயும் அப்படித்தான் செய்தோம். மெல்லிய ஒலி வந்தால் மூடிவிடும் நாய்ஸ் கேட் ஒன்றும் இருந்தது, அதையும் எடுத்தோம். ஒலி அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டர் மட்டும் மிச்சம்.

உதடும் ஒலியும்

கேப்சர் கார்டு வழியாக வரும் படம் கொஞ்சம் தாமதித்து வரும். அதனால் ஒலி முந்திக்கொள்ளும், மிருதங்கத்தில் கை விழுவதற்கு முன் சத்தம் கேட்கும். கச்சேரி அன்று குழப்பத்தில் மாற்றப்பட்டிருந்த சிங்க் ஆஃப்செட் எண்ணை (ஒலியை எவ்வளவு தள்ளிப்போடுவது என்ற அளவை) முதலில் பூஜ்யமாக்கினோம். கேமராவுக்கு முன்னால் கைதட்டிப் பதிவு செய்து, எடிட்டிங் மென்பொருளில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தோம். ஒலி ஐந்து ஃபிரேம் முன்னால் இருந்தது. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஐந்து ஃபிரேம் 167 மில்லிசெகண்ட். அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் லூப்பேக்குக்கு அந்த எண்ணைக் கொடுத்ததும் கையும் ஒலியும் சேர்ந்தன. சாம்பிள் ரேட் சரியாவதற்கு முன் இதைச் செய்திருந்தால் பயனில்லை.

சார்ஜர் செருகியிருக்கும்போது மெல்லிய உறுமல் ஒன்றும் இருந்தது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சுவர் சாக்கெட்டின் எர்த்தைச் சரிபார்த்ததும் போய்விட்டது. உறுமலுக்காக எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் பல மேடைகளில் உண்டு. மைக்கைத் தொட்டு நிற்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், தயவுசெய்து செய்யாதீர்கள்.

விளைவு

அன்றைய கச்சேரி வீணாகவில்லை. நான்கு டிராக் பதிவைக் கலந்து 48இல் வெளியெடுத்து, ஓபிஎஸ் பதிவு செய்த படத்தின்மேல் மிருதங்கத்தின் ஒரு அடியை அடையாளமாக வைத்துப் பொருத்தினோம். சில நாட்களில் முழுக் கச்சேரியும் நல்ல ஒலியோடு யூடியூபில் ஏறியது. மிருதங்கம் வாசிப்பவருக்கும் தனி ஆவர்த்தன டிராக் கிடைத்தது.

அடுத்த மாதக் கச்சேரியில் ரெக்கார்டிங்கும் நேரலையும் சேர்ந்தே ஓடின. கச்சேரி முடிந்தபின் லாக்கைத் திறந்து பார்த்தோம். தொடக்கத்தில் சிறு பஃபரிங் வரி ஒன்று, ஓபிஎஸ் திறக்கும்போது வழக்கமாக வரக்கூடியது. அதற்கு மேல் எதுவும் இல்லை. தம்புரா கடைசி வரை கேட்டது.

அவர்கள் மாற்றிக்கொண்டவை

சோதனை என்றால் கச்சேரியில் ஓடப்போகும் எல்லா மென்பொருளையும் திறந்து வைத்துத்தான். சுருதிப்பெட்டியைச் சில நிமிடம் பதிவு செய்து ட்யூனரில் பார்ப்பதையும் அதோடு சேர்த்துக்கொண்டார்கள். சோதனை முடிந்தபின் யார் என்ன கேட்டாலும் புதிதாக எதையும் திறப்பதில்லை. பதிவு வேண்டும் என்றால் முதல் நாளே சொல்ல வேண்டும்.

மானிட்டரிங்கில்தான் பெரிய மாற்றம். ஒளிபரப்பைப் பார்த்துக்கொள்பவர் இன்டர்ஃபேஸ் ஹெட்போனை நம்புவதில்லை. இன்னொருவர் கீழ் அறையில், வேறு கைபேசியில், மொபைல் டேட்டாவில் யூடியூபையே கேட்கிறார். சில நொடி தாமதமாகக் கேட்டாலும், கேட்பவர்களுக்குப் போய்ச்சேர்வது என்ன என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

சாட்டைப் பார்ப்பவருக்கும் ஒரு ஏற்பாடு. சுருதி, தாளம், வேகம் பற்றி என்ன வந்தாலும் அது பாட்டைப் பற்றியதா ஒலியைப் பற்றியதா என்று அவர் முடிவு செய்ய வேண்டாம், அப்படியே ஒளிபரப்புபவரிடம் காட்டிவிட வேண்டும். கேமரா மைக்கை மாற்று வழியாக எப்போதும் மியூட்டில் தயாராக வைத்திருக்கிறார்கள். அதற்கு மாற ஒரு ஹாட்கீயும் (குறுக்குவழி விசை) கொடுத்திருக்கிறார்கள்.